வலி இல்லாத இருபது நாள்

"குந்துங்க மாமா" என்று ராஜவேலு டோலியைத் தரையோடு தரையாக இறக்கிப் பிடித்தான். மூங்கிலில் கம்பளியை முடிந்து கட்டிய டோலி. பிள்ளைத்தாய்ச்சிகளையும் பாம்பு கடித்தவர்களையும் மலையடிவாரத்து ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறக்குவதற்காக ஊரில் வைத்திருந்தது. இன்றைக்குக் கோபால்சாமிக்கு வந்திருந்தது. அவர் மனைவி திரௌபதி பாடையில் முன்னால் போய்விட்டாள். ஓடையைத் தாண்டி மேட்டில் குழி வெட்டியிருந்தார்கள்.

"நான் நடந்தே வர்றேன்டா."

"இன்னா நடப்பீங்க? ஒரே சேறு. அக்கா இருந்தா வுட்டிருக்குமா?"

திரௌபதியின் தம்பி அவன். நேற்றிலிருந்து அழுது குரல் கட்டிப்போயிருந்தது. வாசலில் நின்ற எல்லாரும் கோபால்சாமியின் முழங்காலையே பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு டோலியில் உட்கார்ந்தார்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் புளி மூட்டை சுமந்த காலத்தில் வீங்கிய முழங்கால் அது. குந்தி எழ முடியாமல் போயிற்று. ஆலங்காயத்து டாக்டர் ஒரு புட்டி மாத்திரை கொடுத்தார். சீமையிலிருந்து வந்ததாம், நண்டு ஓட்டிலிருந்து எடுத்ததாம். தேய்ந்துபோன மூட்டுக்கு அதுதான் தீனி, மூன்று மாசம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். ஒரு மாசத்தில் புட்டி காலியானது. மறுபடி போனபோது டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

"நண்டு ஓட்டுல இருக்கறது நம்ம மலையில இருக்காதா?" என்றாள் திரௌபதி. மறுநாளே பாறையில் ஏறி முடவாட்டுக்கால் கிழங்கு பெயர்த்து வந்தாள். ஆட்டுக்கால் போல மயிர் மூடிக் கிடக்கும் கிழங்கு. விடியற்காலையில் அதைச் சுரண்டி, மிளகும் சீரகமும் வைத்து இடித்து, கொதிக்கவிட்டு வடிகட்டிக் கொண்டுவருவாள். அவர் குடித்து முடிக்கும்வரை அவர் காலை மடியில் போட்டு எண்ணெய் தேய்ப்பாள்.

தேய்த்துக்கொண்டே பேசுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஊர்த் தண்ணீர் துவர்க்கிறதென்று ஒரு மாசம் அழுததை அப்போதுதான் சொன்னாள். முப்பது வருசத்தில் அவள் அவ்வளவு நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. காடும் கழனியும் விட்டால்தானே.

இருபது நாளைக்கு முன்னால் ஒரு விடியலில் அவருக்கு முழங்கால் இருப்பதே தெரியவில்லை. வீட்டுப் பின்னால் போய்க் குந்திப் பார்த்தார். எழுந்தார். மறுபடியும் குந்தினார். சிரிப்பு வந்தது. அவளிடம் சொல்லத்தான் திரும்பி வந்தார். அவள் லோட்டாவோடு வந்து உட்கார்ந்து, அவர் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவா, மெதுவா" என்று அவர் முகத்தைச் சுளித்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

நேற்றுக் காலையில் தூறிக்கொண்டிருந்தது. "கிழங்கு தீந்துபோச்சு. மழ வுடட்டும், போய்ட்டு வர்றேன்" என்றாள்.

"இன்னைக்குக் கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்குது" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். அவள் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

உச்சிப்பொழுதில் ராஜவேலுதான் பாறைக்கடியில் வழுக்கி விழுந்து கிடந்த அவளைக் கண்டெடுத்தான். குளிப்பாட்டும்போது மடியிலிருந்து ஐந்து கிழங்குகள் விழுந்ததாகப் பெண்கள் சொன்னார்கள்.

ஓடைக்குள் இறங்கியதும் முன்னால் தூக்கியவனுக்குக் கால் வழுக்கியது. டோலி சாய்ந்தது. கோபால்சாமி ஒரே எட்டில் வெளியே குதித்து, கல்லின்மேல் காலூன்றி, விழப்போன மூங்கிலைத் தோளில் தாங்கினார். அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ராஜவேலு மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதன்பிறகு அவர் டோலியில் ஏறவில்லை. மேட்டில் கோல் இல்லாமல் ஏறினார். பாதி தூரத்தில் ராஜவேலு பக்கத்தில் வந்தான்.

"எப்பேர்ந்து மாமா?"

"இருவது நாளாச்சு."

பத்தடி நடந்தார்கள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

ராஜவேலு தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். விறுவிறுவென்று முன்னால் போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்துக்கொண்டான். மண் தள்ளும்போதும் ஓடையில் குளிக்கும்போதும் அவன் இவர் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பட்டியில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. நேற்றிலிருந்து யாரும் திறந்துவிடவில்லை. கோபால்சாமி ஈர வேட்டியோடு போய்ப் படலை இழுத்தார். ஆடுகள் முண்டியடித்து வெளியே வந்து சரிவில் ஏறின. அவரும் பின்னால் ஏறினார்.

"நைனா, நீ எங்க ஏர்ற? காலு தாங்காது!" மகள் வசந்தி வாசலிலிருந்து கத்தினாள். "மாமா, நீயாச்சும் சொல்லேன்."

ராஜவேலு டோலிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

கோபால்சாமி நிற்காமல் ஏறினார். மூச்சுத்தான் வாங்கியது. மேலே போனதும் ஆடுகள் நாலா பக்கமும் சிதறி ஈரப்புல்லில் வாய் வைத்தன. இரண்டு குட்டிகள் பாறைப் பக்கமாகப் போக ஆரம்பித்தன. கூப்பிட வேண்டும். திரௌபதி ஏதோ ஒரு சத்தம் கொடுப்பாள், எங்கே இருந்தாலும் எல்லாம் ஓடி வரும்.

அவர் வாயைக் குவித்தார். அது என்ன சத்தம் என்று அவருக்குத் தெரியவில்லை.