விட்டுப்போன ‘இல்லை’

அனுராதாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது என்று கல்லூரி ஆசிரியர் அறையில் எல்லோரும் சொல்வார்கள். திருநெல்வேலிக்கு இணையம் வந்த புதிது. கணினித் துறையில் பாடம் எடுத்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். ஒரு மென்பொருள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்பதை நிரல் எழுதுவதற்கு முன்பே கணக்குக் குறிகளால் ஐயமின்றி எழுதிவைக்கும் முறை அது. சொல்லில் எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் எடுப்பார்கள், குறியில் எழுதினால் ஒரே அர்த்தம்தான் என்பது அவள் நம்பிக்கை.

கூடப் படித்த ஜெபசீலன் அம்பாசமுத்திரத்தில் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுக்கும் சிறு தொழில் நடத்தினான். நமச்சிவாயம் அண்ணாச்சியின் ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் தொட்டிகளுக்கு ஆவியைத் திறந்து மூடும் வேலையைக் கணினியிடம் விட ஏற்பாடாகியிருந்தது. விதிகளை அனுராதா எழுதித் தர வேண்டும், நிரலை அவன் எழுதுவான். விதிகள் நாளுக்கு நாள் மாறியதால் தபாலில் அனுப்பிக் கட்டுப்படியாகவில்லை. அவள் அவற்றை ஒரு வலைப்பக்கத்தில் ஏற்றினாள்.

ஏற்றியதும் தொடங்கியது தொல்லை. அவள் கணினியில் குறிகள் அழகாகத் தெரிந்தன. அந்த எழுத்துரு இல்லாத அவன் கணினியிலோ, ‘எல்லாவற்றுக்கும்’ என்ற குறி மேற்கோள் குறியாகவும், ‘இதில் உறுப்பு’ என்ற குறி தொப்பி வைத்த ஆங்கில எழுத்தாகவும் வந்து நின்றன. எழுத்துருவை நம்பிப் பயனில்லை என்று ஒவ்வொரு குறியையும் சிறு படமாக வரைந்து பக்கத்தில் பொருத்தினாள். படம் வராவிட்டால் அந்த இடத்தில் தெரிய வேண்டிய சொல்லையும் கூடவே எழுதினாள். ஒரு வாரம் சோறு தண்ணி மறந்து செய்த வேலை.

சோதனை ஓட்டத்தன்று காலையில் ஜெபசீலன் கல்லூரிக்குப் போன் செய்தான். நிரல் தயார், பாய்லர் மூட்டப்போகிறார்கள் என்றான். போனை வைக்கும்முன் சாதாரணமாகச் சொன்னான்: “இங்க லைன் இழுவையா இழுக்கு அனு. படம் எதுவும் வரவேண்டாம்னு அணைச்சுப் போட்டேன். இப்பம் உன் பக்கம் சட்டுனு வந்திருது.”

நல்லதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு நடந்தாள். பாதிப் படியில் கால் நின்றது. எல்லாப் படத்துக்கும் சொல் எழுதினோமா? திரும்பி ஆய்வகத்துக்கு ஓடினாள். படங்களை அணைத்துவிட்டுத் தன் பக்கத்தைத் திறந்தாள்.

‘இல்லை’ என்ற குறி மட்டும் எங்குமே இல்லை. வரிகளைத் தள்ளி வைப்பதற்காகக் கண்ணுக்குத் தெரியாத வெற்றுப் படம் ஒன்றை அவள் பயன்படுத்தியிருந்தாள். அதற்குச் சொல் தேவையில்லை என்று காலியாக விட்டிருந்தாள். கடைசியில் அவசரமாக ‘இல்லை’யைச் சேர்த்தபோது அந்த வரியை நகலெடுத்து, படத்தின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாள். சொல்லிருக்க வேண்டிய இடம் காலியாகவே தங்கிவிட்டது. ஒரு கட்டமோ புள்ளியோகூட இல்லாமல், ஏதோ விட்டுப்போனது என்று யாரும் சந்தேகப்பட வழியில்லாமல், விதிகள் தலைகீழாகப் படித்தன.

மில்லுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடமோ சொல்லிவிட்டு ஜங்ஷனில் பஸ் ஏறினாள். சேரன்மகாதேவியில் பஸ் நின்றபோது இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. வீரவநல்லூரில் ஒரு கல்யாணக் கூட்டம் சாவகாசமாக ஏறியது. மனசுக்குள் விதிகளை ஒவ்வொன்றாக ‘இல்லை’ எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தாள். தொட்டியின் மூடி திறந்திருந்தால் ஆவி திறந்திருக்கும். இதை ஜெபசீலன் நம்பமாட்டான், சிரிப்பான். அடுத்தது? தொட்டி கழுவும் சுவிட்ச் போட்டிருந்தால் ஆவி வரலாம். இதை நம்பிவிடுவான். ஆவியால் தொட்டியைக் கழுவுகிறார்கள் என்று நினைப்பான். ஆனால் அந்த சுவிட்ச், ஆள் உள்ளே இறங்கிக் கூட்டுவதற்காக வைத்தது.

அம்பாசமுத்திரத்தில் இறங்கிப் பிடித்த ஆட்டோ மில் வாசலில் நின்றதும் நிற்காததுமாக உள்ளே ஓடினாள். பாய்லர் இரைந்துகொண்டிருந்தது. நமச்சிவாயம் பாய்லரிலிருந்து வரும் ஆவிக் குழாயைத் திறக்கும் பெரிய சக்கரத்தில் கைவைத்து நின்றார். அருகே, ஜெபசீலன் பெட்டியின் முன். இரண்டாவது தொட்டியின் விளிம்பில் ஏணி தெரிந்தது. உள்ளேயிருந்து துடைப்பச் சத்தம் வந்தது.

“திறக்காதீங்க” என்றாள். மூச்சு வாங்கியது. “உள்ள இருக்கவங்களை முதல்ல ஏறச் சொல்லுங்க.”

ஏணியில் இசக்கியம்மா ஏறி வந்தாள். மில்லில் அவிப்புத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். முழங்கால்வரை உமியும் தண்ணீரும். அனுராதா பெட்டியைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். மூடி விதி கோணலாகத் தெரிந்ததால் தானே ‘இல்லை’ சேர்த்துக்கொண்டதாக ஜெபசீலன் சொன்னான். கழுவும் சுவிட்ச் விதி சரியாகத்தான் இருப்பதாக அவன் நினைத்திருந்தான்.

“என்னவே சொல்லுதீரு, பாத்திரலாம்” என்றார் நமச்சிவாயம் ஜெபசீலனிடம். அனைவரையும் தள்ளி நிறுத்தி, காலித் தொட்டியின் கழுவும் சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு, சக்கரத்தைப் பையத் திருப்பினார். தொட்டியின் அடியிலிருந்து வெள்ளையாகப் பொங்கி எழுந்த ஆவி கூரைத் தகரம்வரை போய் முட்டியது. அவர் சக்கரத்தை மூடிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இசக்கியம்மா அனுராதாவிடம் வந்தாள். “நான் உள்ள நிக்கையில வந்திருந்தா?”

“என் தப்புதான்க்கா” என்றாள் அனுராதா.

“படத்தை அணைச்சது நான்லா” என்று ஜெபசீலன் குறுக்கிட்டான். அனுராதா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. படத்தை அணைப்பது வாசிப்பவன் சௌகரியம். அவன் எப்படித் திறந்தாலும் ‘இல்லை’ இல்லையாகவே தெரிய வேண்டும், அது எழுதியவள் பொறுப்பு.

அன்று பிற்பகலே, அம்பாசமுத்திரத்தில் இணையம் வைத்திருந்த தட்டச்சுப் பள்ளியில் உட்கார்ந்து எல்லா இடத்திலும் ‘இல்லை’ என்று சொல்லாகவே அடித்தாள். படமாக வைத்த குறியை எடுத்தேவிட்டாள். பார்க்க அழகில்லைதான். ஜெபசீலன் வாய்விட்டுப் படிக்க, வரிவரியாகச் சரிபார்த்தார்கள். அவன் கவனிக்காத இன்னொரு ‘இல்லை’யும் அகப்பட்டது.

ஜெபசீலன் நிரலைத் திருத்தியபின், அடுத்த வாரம் சோதனை நன்றாகவே நடந்தது. சுவிட்சைப் போட்டால் ஆவி வரவில்லை, மூடியைத் திறந்தால் நின்றது. நமச்சிவாயம் திருப்தியாகத் தலையாட்டினார். இசக்கியம்மா மட்டும் தொட்டிக்குள் இறங்க மறுத்துவிட்டாள். நீளக் கம்பில் துடைப்பத்தைக் கட்டி மேலே நின்றே கூட்டினாள். பெட்டி இப்போது சரியாக இருக்கிறது, தைரியமாக இறங்கு என்று நமச்சிவாயம் சொல்லிப் பார்த்தார். இறங்கச் சொல்ல வேண்டாம் என்று அனுராதாவே அவரைத் தடுத்தாள்.