கண்மூடிச் செபித்த ஓணான்

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை என்றுதான், ஜெஸ்ரின் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் கத்தினேன். கழுத்தில் முள்ளுத்தாடி வைத்த அவுஸ்திரேலியா ஓணான். "கோவிக்காதேங்கோ அப்பா, என்ர கணக்கு வாத்தியார் மாதிரியே முறைக்குது" என்று சிரித்தான் என் மகன். வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரியே அதற்குச் 'சேர்' என்று பெயரும் வைத்தான்.

இருபது வயதுப் பிள்ளை. போன மாரியில் ஒரு மத்தியானம் படுத்தவன் எழும்பவில்லை. நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். நான் வேலையில், கோயிலில் இருந்தாள் என் மனைவி இம்மாகுலேற். அந்த அறையில் அவனோடு இருந்தது கண்ணாடித் தொட்டிக்குள் கிடந்த சேர் மட்டும்தான்.

"என்ர பிள்ளையைக் கடைசியாப் பார்த்தது இந்தக் கண்தானே" என்பாள் இம்மாகுலேற். அதற்கு முன்னால் மணிக்கணக்காக அதையே பார்த்தபடி இருப்பாள். ஊரை விட்டு வந்து குடியேறிய இந்த மோர்டன் வீட்டில் அவள் என்னை அப்படிப் பார்த்து எவ்வளவோ காலம். ஒரு ஓணான்மேல் எனக்குப் பொறாமை!

முப்பத்தோராம் நாள் பூசையோடு நிறுத்தவேண்டிய சாம்பிராணியை அவள் நிறுத்தவில்லை. காலையும் மாலையும் மகனின் படத்துக்கு முன்னால் புகை. படம் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அறை வாசலில் இருந்த புகை அலாரம் கத்திக் கத்தி உயிரை வாங்கியது. நான்தான் பேட்டரியைக் கழற்றினேன்.

புகை எழும்பச் சேர் கண்ணை மூடும். "பார்த்தீங்களே, அதுவும் அவனுக்காகச் செபிக்குது" என்றாள். எனக்கும் நெஞ்சு இளகியது. நாளாக ஆக, செபம் முடிந்தும் கண் திறக்கச் சுணங்கியது. பிறகு ஒரு கண் திறக்கவே இல்லை. இமை புளியங்கொட்டை போல வீங்கி, வைத்த சாப்பாட்டைக் காணாமல் அது கண்ணாடியில் முட்டியபோதுதான் மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

வைத்தியர் இளம்பெண். இமையை மெதுவாகப் பிரித்துப் பார்த்தார். உள்ளே கண் என்று எதுவும் மிஞ்சவில்லை, சீழ்தான். மற்றக் கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் எடுத்தால்தான் உயிர் தப்பும் என்றார். அறைக்குள் புகை வருகிற மாதிரி ஏதாவது எரிப்பீர்களா என்றும் கேட்டார்.

எங்கே போனாலும் இங்கிலீசில் இம்மாகுலேற்றுக்கு நான்தான் வாய். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எவ்ரி டே" என்றாள். "மோர்னிங். ஈவினிங்."

தினமும் பட்ட புகை கண்ணை அரித்திருக்கும், எரிச்சல் தாங்காமல்தான் மூடியிருக்கும் என்று வைத்தியர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நான் மொழிபெயர்க்கவில்லை.

"எரிஞ்சுதான் மூடினதாமோ?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓம்."

"ஒரு கண்ணையாவது விடச் சொல்லுங்கோ. ஒண்டு போதும்."

கேட்டேன். முடியாது என்றார்.

இரண்டு கண்ணும் எடுத்து இமைகள் தைக்கப்பட்ட சேரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாயருகே நீட்டினால் தின்கிறது, உயிரோடு இருக்கிறது. பிள்ளை போய்விட்டான், இது இருந்து எங்களுக்கு என்ன என்று நினைத்தேன். பாவம்தான், ஆனாலும் நினைத்தேன். பிறகு அலாரத்துக்குப் பேட்டரியைப் போட்டேன்.

அன்று மாலை, பழகிய கை, அவள் கரியைப் பற்றவைத்துவிட்டாள். புகையும் சட்டியோடு அறை வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. அங்கேயே நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, நான் இனி எங்க போய்ச் செபிக்கிறது?"

தலைக்கு மேல் அலாரம் கத்தத் தொடங்கியது. உள்ளே சேர் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியது. அவள் சட்டியைக் கீழே வைக்கவில்லை. நானும் அலாரத்தை நிறுத்தப் போகவில்லை.