வெள்ளி முலாம்

சிம்மக்கல்லில் ரேடியோ சாமான் கடை வைத்திருந்த சோணைமுத்துவுக்கு, முத்துக்கருப்பன் படியேறினாலே அலுப்புத் தட்டும். மற்றவர்கள் வயர் வாங்குவார்கள், போவார்கள். இந்த மனுஷன் வயரைப் பெண் பார்ப்பான். மேல்தோலைப் பிளேடால் சீவி, உள்ளே இருக்கும் செம்பு வலை நெருக்கமா, இல்லை கொசுவலையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பான். நடுக்கம்பி நட்ட நடுவில் ஓடுகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். அரை நாள் போய்விடும்.

மதுரைக்கு டிவி வந்த புதுசு அது.

"அண்ணே, டிவிக்காரன் பூராம் இந்தா இந்த வயரத்தேன் அள்ளிட்டுப் போறான். பாக்க ரெண்டும் ஒண்ணுதேன்."

"பாக்கத்தேன் ஒண்ணு. அது எழுபத்தஞ்சு ஓம், எனக்கு வேண்டியது அம்பது. அதெ மாட்டுனா செட்டு விடுற சக்தி முழுசா ஏரியலுக்கு ஏறாதுய்யா."

கனெக்டரிலும் அதே கூத்து. பளபளவென்று மின்னிய மலிவுச் சரக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வெள்ளி முலாம் பூசியதாகக் கேட்டான்.

"வெள்ளி கறுத்துப் போகுமேண்ணே."

"கறுக்கட்டுமே. கறுத்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். தண்ணி மட்டும் உள்ள போகக்கூடாது, அம்புட்டுத்தேன்."

இந்த இரண்டு விஷயத்தையும் கடைக்காரனிடம் சொன்னான். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டான்.

முத்துக்கருப்பன் வெள்ள எச்சரிக்கை வயர்லெஸ் மெக்கானிக். பரவைக்கு மேற்கே வைகைக் கரையில், மதகை ஒட்டி ஒரு வயர்லெஸ் அறை. ஆற்றில் நீர் ஏறினால் அங்கிருந்து மதுரைக்குச் சேதி வரும். அங்கே ஆபரேட்டர் விருமாண்டி. அவன் வேறு யாருமில்லை, முத்துக்கருப்பனின் தங்கை ஒச்சாயியைக் கட்டியவன். அறைக்குப் பின்னாலேயே குடித்தனம். வயரையும் கனெக்டரையும் சித்திரையில் தன் கையாலேயே மாட்டி, இழுத்துப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, "மாப்ள, பத்து வருசத்துக்கு இதெ யாரும் தொட வேணாம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தான்.

ஆயுத பூஜை முடிந்து பத்துப் பதினைந்து நாளில் வயர்லெஸ்ஸில் விருமாண்டியின் குரல் கம்மத் தொடங்கியது. காலைக் கூப்பாட்டில் பாதி வார்த்தை இரைச்சலில் கரைந்தது. மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான் முத்துக்கருப்பன். இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று ஒரு வாரத்தைக் கடத்தினான். எமன் வாரக் கணக்கு பார்ப்பானா?

ஐப்பசிக் கடைசியில் ஒரு மத்தியானம் ஆறு திமுதிமுவென்று ஏறியது. மதுரையில் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தொண்டை வறளக் கூப்பிட்டான் முத்துக்கருப்பன். இரைச்சலைத் தவிர பதில் ஏதும் இல்லை. அங்கே கத்திக் கத்தி ஓய்ந்த விருமாண்டி, பரவைக்குப் போய் டெலிபோனில் சொல்லிவிடலாம் என்று சைக்கிளை எடுத்தான். போய்ச் சேர்ந்தான், சொல்லியும் விட்டான். சேதி வந்ததால் கரையோரத்து ஜனம் பூராவும் மேடேறித் தப்பியது. திரும்பும்போது தரைப்பாலத்தில் ஓடைத் தண்ணீர் சைக்கிளோடு அவனை உருட்டிக்கொண்டு போய்விட்டது.

உடல் கிடைத்து எரித்துக் காடாற்றிய மறுநாள், என்ன கோளாறு என்று பார்த்து எழுதித் தரும்படி அதிகாரி உத்தரவு போட்டார். முத்துக்கருப்பன் மதகு அறைக்குப் போய்க் கனெக்டரைக் கழற்றினான். பளிச்சென்று இருந்தது. ஏழு மாதமான வெள்ளி இப்படிப் பளிச்சிடக் கூடாதே என்று அப்போதே அவனுக்குச் சந்தேகம் வந்தது. வயரின் தோலைச் சீவினான். செம்பு வலை இரண்டு முழத்துக்குப் பச்சை பூத்து அரித்துக் கிடந்தது. கனெக்டரின் கழுத்திடுக்கில் ஒரு நார். கிள்ளி எடுத்து முகர்ந்தான். புளி.

மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஒச்சாயி எழுந்து வந்தாள்.

"அண்ணே, அதெ நாந்தேன் வெளக்குனேன். ஆயுத பூசைக்கு."

அவன் நாரை விரலிடுக்கில் உருட்டினான்.

"கறுத்துக் கெடந்துச்சுண்ணே. நமக்குச் சோறு போடுற சாமானு, பூசையன்னைக்கு அப்படியா கெடக்கணும்? அவுக மேல ஆத்து அளவு எடுக்கப் போயிருந்தப்ப வயரு நுனியோட திருகி எடுத்து, குத்துவெளக்கோட சேத்துப் புளித்தண்ணியில ஊறப்போட்டேன். தேச்சுக் கழுவிச் சந்தனம், குங்குமம் வச்சு மாட்டிப்புட்டேன். வந்து பாத்துட்டு, 'அடியே, கண்ணாடி கணக்கா மின்னுதே'ன்னு அவுக சிரிச்சாக. அம்புட்டு சந்தோசம். அதுக்கப்பறம் அந்த மாதிரிச் சிரிச்சு நான் பாக்கல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வயருல என்னதாண்ணே கோளாறு?"

ஊறிய புளித்தண்ணீர் கழுத்து வழியே வயருக்குள் ஏறி வலையைத் தின்றிருக்கிறது என்று முத்துக்கருப்பனுக்குப் புரிந்தது. உண்மையை எழுதினால் அவன் தலை தப்பும். இவள் தலையில் அது விழும். தன் கையாலேயே புருஷனைக் கொன்றோம் என்று தெரிந்த மறுநாள் இவள் உயிரோடு இருப்பாளா? இருக்கமாட்டாள். கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா அது? கறுத்தால் பாதகமில்லை, தண்ணீர் மட்டும் ஆகாது என்று இந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு இந்தக் கதி ஏன் வருகிறது? எவனோ ஒரு கடைக்காரனிடம் பீற்றத் தெரிந்தது, தங்கச்சியிடம் சொல்லத் தோன்றவில்லை.

"வயரு மட்டம் ஆத்தா," என்றான். "நான் வாங்குனது. சரியாப் பாக்காம வாங்கிப்புட்டேன்."

ஒச்சாயி அவனையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவன் அரித்த வயரையும் கனெக்டரையும் வெட்டி எடுத்துத் துணியில் சுற்றி ஆற்றில் வீசினான். மட்டமான சரக்கு, கடைக்காரர் தடுத்தும் நானே எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

பதினாறாம் நாள் கருமாதி. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிதான் முதலில் விழ வேண்டும். கூடப் பிறந்தவன் எடுத்துவரும் அந்தப் புதுச்சேலைதான், உனக்கு இனி நாங்கள் இருக்கிறோம் என்று சபையில் சொல்லும் சொல். முத்துக்கருப்பன் சேலையைத் தட்டில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே வந்தான். பெரியம்மா ராமக்காள் ஒச்சாயியைத் தொட்டு, "அண்ணன் கோடி வந்துருக்கு, குனி தாயி" என்றாள்.

ஒச்சாயி குனியவில்லை.

"இது வேணாம் பெரியம்மா."

"ஏண்டி, சபையில என்ன பேச்சு இது?"

"பாத்து வாங்கத் தெரியாத கையி எம்புருசன முழுங்கிருச்சு. அந்தக் கையால வர்ற சேலை எம்மேல படக்கூடாது." அழுகையில்லாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அண்ணன்னு ஒருத்தன் எனக்கு இல்ல. இந்த வாசப்படிய இனிமே மிதிக்க வேணாம்னு சொல்லுங்க."

யாரோ ஒருவர், "கோவத்துல சொல்லுதுப்பா, நீ போடு" என்றார். முத்துக்கருப்பன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அதில் இருந்த ஆங்காரம் பூராவும் அவன்மேல்தான் இருந்தது. அவள்மேலேயே அவளுக்கு ஒரு துளியும் இல்லை. அதை வைத்துக்கொண்டு அவள் பிழைத்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தோன்றியது.

"சரி ஆத்தா," என்று தட்டோடு திரும்பினான்.