நாற்பத்தொரு நிமிடம்

பழைய கிராபிக்ஸ் கார்டு ஒரு ஓட்டலின் முகப்புக் கூடத்தைக் கம்ப்யூட்டரில் படமாக வரைந்து முடிக்க நாற்பத்தொரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். கூடத்தின் நடுவே தொங்கும் சரவிளக்கில் மூவாயிரம் கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றும் மற்றதைப் பார்த்துப் பல்லிளிக்கும். அத்தனை பல்லையும் கார்டு எண்ணியாக வேண்டும். டிசைனர், படத்தை வரையச் சொல்லும் ரெண்டர் பொத்தானை அழுத்துவார். படிக்கும் கண்ணாடியைக் கழற்றிக் கீபோர்டின்மேல் வைப்பார், ஆள் இங்கேதான் எங்கேயோ இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சியாக. பிறகு ஆபீஸின் பின்படிக்கட்டில் இறங்கிவிடுவார்.

இரண்டு தெரு தாண்டி வீடு. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கிடக்கும் மனைவியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பில் ஆறிவரும் புண் மறுபடி வாய் திறந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை இருந்தது. பதினொன்றும் மூன்றும் சரவிளக்கின் தயவு.

"இன்னைக்கு என்னங்க வேகுது அங்க?" என்பாள் மனைவி, சுவரைப் பார்த்தபடி.

"அதே விளக்குதான்."

"நல்லா வேகட்டும். அவசரப்பட்டு இறக்கிடாதீங்க."

முறையாக அனுமதி கேட்டும் பார்த்தார். மேனேஜர் எழுந்துவந்து தோளில் கை போட்டார். "சார், நாமெல்லாம் ஒரே குடும்பம்." குடும்பம் என்ற சொல் அந்த வாயில் ஊறி வெளியே வர அரை நிமிடம் ஆனது. பிறகு, சொந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போகும் நாட்களில் அரைநாள் லீவு எழுதித் தரச் சொன்னார். வருடத்துக்கு லீவு பன்னிரண்டு. மனைவியோ தினமும் படுத்திருந்தாள்.

இந்த லட்சணத்தில்தான் புது கார்டு வந்து சேர்ந்தது. செங்கல் கனம், இரண்டு விசிறி. அதன் விலையைச் சொல்லும்போது மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், செத்துப்போன பெரிய மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல. பழையதிலும் புதியதிலும் அதே கூடத்தை ஓட்டி, எது எவ்வளவு வேகம் என்று அறிக்கை தர வேண்டும். அனுபவசாலி என்பதால் பொறுப்பு டிசைனருக்கே. தன் தூக்குக் கயிற்றைத் தானே திரித்துக் கொடுக்கும் கௌரவம் எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

முதல் ஓட்டத்தில் ஆறு நிமிடம் பத்து விநாடி.

யாரும் பார்க்காதபோது, கார்டைத் திணறடித்து நேரத்தை நீட்ட, கண்ணாடிப் பிரதிபலிப்புகளை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டினார். ஏழு. நிழல்களை எல்லாம் நுணுக்கமாக்கினார். எட்டு. வாழ்க்கையில் செய்த முதல் மோசடி, அதிலும் கை தேறவில்லை. கார்டு கொட்டாவிகூட விடாமல் அத்தனையையும் விழுங்கியது. பின்னால் வந்து நின்ற மேனேஜர் படத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார்.

"எட்டு நிமிஷத்துல இவ்வளவு துல்லியமா! கில்லாடி சார் நீங்க. மிச்ச நேரத்துல இன்னும் நாலு படம் இறக்கிடலாமே?"

"இறக்கிடலாம் சார்." வேறென்ன சொல்வது? எண் திரையில் இருந்தது.

கை தட்டினார்கள். கார்டை அவருடைய கம்ப்யூட்டரிலேயே மாட்டிக் கௌரவித்தார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பொத்தானை அழுத்திவிட்டு ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் தெருவில் ஓடுகிறவனை நாய்கூடச் சந்தேகமாகப் பார்க்கும். பார்த்தது. வீடு வந்து சேர நாலு நிமிடம். செல்போனை முக்காலியில் போட்டுவிட்டு, மனைவியின் தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினார். இரைத்த இரைப்பில் முழுதாகப் புரட்ட முடியவில்லை. அவள் பாதி புரண்டு, அவர் கைகளிலேயே ஒருக்களித்துக் கிடந்தாள். முதுகுக்கு முட்டுக்கொடுக்கும் தலையணை நழுவித் தரையில் விழுந்தது. மூச்சு அடங்கட்டும் என்று அப்படியே பிடித்திருந்தார். போன் அதிரத் தொடங்கியது. மேனேஜர்.

"எடுங்க," என்றாள் மனைவி.

"கை காலியா இல்ல."

"அப்ப என்னை விட்ருங்க. பரவால்ல."

விட்டால் புண்ணின்மேல்தான் சாய்வாள். அவர் காலை நீட்டித் தலையணையைத் துழாவினார். பெருவிரல் அதன் ஓரத்தைத் தொட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டது. போன் ஓய்ந்து, மறுபடி அதிர்ந்தது. ஒவ்வோர் அதிர்வுக்கும் முக்காலியின்மேல் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து, பாதி உடம்பு வெளியே நீட்டியபடி ஒளிர்ந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.