உமர், எஃப்.

கடைசிச் சரிபார்ப்புக்கு வந்த பக்கங்களில் ஃபாயிசாவின் பெயரைக் காணவில்லை. "உமர், எஃப்." என்று இருந்தது. இரும்புலியூர் வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அபிகாயிலுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் ஃபாயிசா அப்பாவின் பெயரைப் போட்டிருக்கிறாள். நம் ஊரில் வேறு எதைப் போடுவது? இனி இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாம் உமர் என்றுதான் எழுதுவார்கள். எழுதியவள் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப் போனாள்.

அறிவியலும் சட்டமும் சமூகத்தில் மோதிக்கொள்கிற இடங்களைப் பற்றி இளங்கலை மாணவர்களே எழுதி, அவர்களே நடத்தும் ஆய்விதழ் அது. அபிகாயில் அதன் துணையாசிரியர். விமான இரைச்சலைப் பற்றி அவள் எழுதியதை "உழைப்பு தெரிகிறது" என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்த இதழில் முதல் கட்டுரை கூடப் படிக்கும் ஃபாயிசாவுடையது. பல்லாவரத்தில் தோல் பதனிடுகிறவர்களின் விரல் ரேகை ரசாயனத்தில் தேய்ந்துபோவதும், ரேஷன் கடை மெஷின் அவர்களை அவர்கள் இல்லை என்று சொல்வதும், அதற்குச் சட்டத்தில் என்ன வழி என்பதும். நல்ல கட்டுரை. அதுதான் எரிச்சல். ஃபாயிசாவுக்கு விஷயம் வீட்டிலேயே, சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே அப்பாவாக உட்கார்ந்திருந்தது. அபிகாயில் வீட்டில் எல்லோருக்கும் ரேகை ஒழுங்காக இருந்தது. அதற்குமா பொறாமைப்பட முடியும் என்றால், முடிந்தது.

ஃபாயிசாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். போனை எடுத்தாள், வைத்தாள். 'சரி' என்பதை அழுத்தி அனுப்பிவிட்டாள். தப்பு நான் பண்ணியதில்லையே என்று சொல்லிக்கொண்டபோது வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.

இதழ் வெளியான வெள்ளிக்கிழமை ஃபாயிசா போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அபி, பேர பாத்தியாடி?"

"எந்தப் பேரு?"

"உமர்னு வந்திருக்குடி! நான் ஏதோ மாத்திப் போட்டுட்டேன் போல. அத்தாவ கையில பிடிக்க முடியல, தெரு பூரா காட்டிட்டாரு. நீதானே கடைசியா செக் பண்ண? தெரிஞ்சுதானே விட்ட?"

"ஆமா" என்றாள் அபிகாயில். அது உண்மைதான். தான் நினைத்த கெடுதல்கூட ஃபாயிசாவுக்கு நல்லதாகவே போய் முடிகிறதே என்று ஆத்திரமாக வந்தது.

"உடனே வா. அத்தா உன்னப் பாக்கணுமாம்."

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தைத் தாண்டி ஃபாயிசா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, உமர் மகளின் போனோடு வாசலிலேயே நின்றிருந்தார். ஃபாயிசா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. நம்ம பேரு வந்துகீது பாரு."

வெடித்துக் காய்ந்த இரண்டு விரல்களைத் திரையில் வைத்து விரித்தார். எதுவும் நகரவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி விரித்தார்.

"இதுவும் நம்மள ஒத்துக்க மாட்டேங்குது" என்று சிரித்தார். "நீ கொஞ்சம் பெருசாக்கும்மா."

அபிகாயில் விரித்தாள். உமர் என்ற பெயர் பெரிதாகப் பெரிதாக, பக்கத்திலிருந்த ஒற்றை எழுத்து ஓரத்துக்கு நகர்ந்து, திரையை விட்டு வெளியே போனது.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.