குலவையை முதலில் நிறுத்தியது யார்?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. சந்திரலேகா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டே, தன் தோழியான என் மனைவியிடம் சொன்னது. பக்கத்து அறையில் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்துகொண்டு முழுவதையும் கேட்டேன். மனைவி சிரித்த சிரிப்பில் காரச் சட்னி புரையேறிவிட்டது. அன்று மாலையே எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுதுகிறவன் இருக்கிற வீட்டில் வாயைத் திறப்பவர்கள் கொஞ்சம் யோசித்துத் திறக்க வேண்டும்.

ஆனால் சந்திரலேகாவின் ஆராய்ச்சி பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால் நான் எழுதும் கோப்பை இணையத்தில் அவளுக்கும் திறந்துவைத்தேன். நான் இங்கே எழுத எழுத, அவள் அமராவதிபுதூரில் தன் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம், ஓரத்தில் குறிப்பும் போடலாம். அது எவ்வளவு பெரிய தப்பு என்பது எனக்கு...

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.]

2

முதல் தொடக்கம்: "காரைக்குடியின் அகன்ற வீதிகளில் அந்தி கவிந்துகொண்டிருந்தபோது, ஆய்வு மாணவி சந்திரலேகா..."

உடனே குறிப்பு வந்தது: "அண்ணே, அந்தி கவியிற நேரம் நான் லேப்பப் பூட்டிட்டு ஸ்கூட்டர்ல வீட்டுக்குப் போயிருவேன். வீதியில எனக்கென்ன சோலி?"

இரண்டாம் தொடக்கம்: "பல்லூடக வலையமைப்புகளில் காலத்தாமதம் என்பது..." மனைவி எட்டிப் பார்த்தாள். கொட்டாவி விட்டுக்கொண்டே போய்விட்டாள். அழித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "சந்திரலேகா கவலையோடு இருந்தாள்."

சுமாரான வாக்கியம்தான். ஆனால் பொய் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

அவளுக்குக் கவலை இரண்டு. ஒன்று, ஆராய்ச்சி. வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள் ஒரே கூடத்தில் இருப்பதுபோலச் சேர்ந்து பாடவும் கைதட்டவும் முடியுமா என்பதுதான் அவள் ஐந்து வருடமாக மல்லுக்கட்டும் கேள்வி. வீடியோ காலில் பிறந்தநாள் பாட்டுப் பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஒலி போய்ச்சேர நேரமாகிறது, அவ்வளவுதான். அவளுடைய வழிகாட்டி சேவுகப்பெருமாள் சார் பொறுமை இழந்துவிட்டார். "லேப்புல ரெண்டு பயலுகள வச்சுக் கைதட்டவிட்டது போதும்மா. நெசமான சனங்கள வச்சு ஒருதடவ செஞ்சு காட்டு, பெறகு பேசுவோம்" என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்று, தங்கை. சினேகா பெங்களூரில் ஏழு மாதக் கர்ப்பிணி. போன தடவை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. இந்தத் தடவை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, படுக்கையை விட்டு இறங்காதே என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய கணவன் அஜித், வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு, சமையலும் செய்கிறான்.

இந்த இரண்டில் எது கதைக்கு முக்கியம் என்று இங்கே அரைப் பக்கம் யோசித்து எழுதியிருந்தேன். அவள் குறிப்பைப் பார்த்தபின் அழித்தேன். "தங்கச்சிதான்ணே. இதுல என்ன ரோசன?"

3

சண்டை வளைகாப்பில் தொடங்கியது.

ஏழாம் மாதம் பெண் வீட்டார் வகை வகையாகச் சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், வளை போட்டு, பெண்ணைக் கூட்டிவருவது வழக்கம். சினேகாவோ பெங்களூரில் படுத்திருக்கிறாள். அவளுடைய அம்மா பொன்னுத்தாயி, சிங்கம்புணரியில் இருக்கும் சம்பந்தியம்மா பாண்டியம்மாளுக்குப் போன் போட்டார்.

"பொண்ணே வராத வீட்டுக்கு நாங்க எதுக்கு மதினி சோத்தத் தூக்கிட்டு வரணும்? இங்குட்டே வச்சுக்கிருவோம், நீங்க வந்துருங்க."

"எங்க வீட்டு வாரிசுக்கு எங்க வீட்டுல வச்சுத்தான் செய்யணும். காலங்காலமா உள்ளத மாத்தச் சொல்றீகளே, நல்லாருக்கா மதினி?"

மதினி மதினி என்று மரியாதையாகவே கத்திக்கொண்டார்கள். அந்தச் சூட்டில், போன தடவை பிள்ளை தங்காததற்கு யார் வீட்டுக் கவனிப்புக் காரணம் என்பது வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. பேசக்கூடாத பேச்சு. அது சினேகா காதுக்கும் போனது.

அவள் இரண்டு வீட்டுப் போனையும் எடுப்பதை நிறுத்தினாள். அக்காவிடம் மட்டும் பேசினாள்.

"ரெண்டு வீடும் ஒண்ணா நின்னு செய்யிறதா இருந்தாச் செய்யட்டும். இல்லேன்னா எனக்கு வளையும் வேணாம் ஒண்ணும் வேணாம். அதுக பேசுறத நெனைச்சாலே வயிறு கல்லாட்டம் இறுகுதுக்கா. போன தடவ மாதிரி ஆயிருமோன்னு பயமாருக்கு."

சந்திரலேகா அன்றைக்குச் சாப்பிடவில்லை. [நான் "அன்றிரவு தூங்கவில்லை" என்று எழுதியிருந்தேன். "நல்லாத் தூங்குனேன்ணே, சாப்பாடுதான் எறங்கல" என்று திருத்தினாள்.] மறுநாள் இரண்டு அம்மாக்களிடமும் போய் நின்றாள். வளைகாப்பு இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். இரண்டு வீட்டையும் பெங்களூர் படுக்கையறையையும் தன்னுடைய கருவி ஒரே கூடமாக்கிக் காட்டும். இரண்டு வீட்டு வளையல்களையும் முன்னாலேயே அனுப்பிவிடலாம். பெங்களூரில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கைக்கு ஒரு வீட்டு வளையலாகப் போட்டுவிடுவார்.*

* வலது கை எந்த வீட்டுக்கு என்பதில் நடந்தது தனிக் கதை. அதை எழுதினால் இரண்டு ஊரிலும் எனக்குப் பச்சைத்தண்ணிகூடக் கிடைக்காது.

4

ஒத்திகையிலேயே முதல் அடி விழுந்தது.

வளை ஏறுகிற நேரத்தில் இரண்டு வீட்டுப் பெண்களும் குலவை போட வேண்டும். அமராவதிபுதூர்ப் பெண்கள் முதலில் போட்டுப் பார்த்தார்கள். இங்கே வீடு அதிர்ந்தது. சிங்கம்புணரித் திரையில் வாய்கள் திறந்திருக்கின்றன, நாக்குகள் சுழல்கின்றன, சத்தம் மட்டும் இல்லை. கருவிக்குள் இருந்த வடிகட்டி, மனிதப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். குலவையை அதற்கு யாரும் பழக்கவில்லை.

அங்கே பாண்டியம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னார்: "பாத்தியாடி, வாய மட்டும் அசைக்கிறாக. மனசார ஒரு குலவ போடக்கூட வலிக்குது இவுகளுக்கு."

இது மனிதப் பேச்சு. ஆகவே வடிகட்டி இதைத் துளி சிந்தாமல், முணுமுணுப்பைக் கொஞ்சம் கூட்டியும் கொடுத்து, அமராவதிபுதூர் ஒலிபெருக்கியில் கொண்டுவந்து கொட்டியது. பொன்னுத்தாயி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சந்திரலேகா மறுநாள் திருப்பத்தூர் வழியாக பஸ் மாறி சிங்கம்புணரி போய், தப்பு கருவியுடையது என்று பாண்டியம்மாளிடம் மன்றாடினாள். திரும்பி வந்து அம்மாவிடம் மன்றாடினாள். வடிகட்டியைப் பிடுங்கி எறிந்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பயம் யாரை விட்டது? குலவை பாதியில் அறுந்தால் சகுனத்தடை என்று பெரிய பேச்சாகிவிடும். கிராமத்து சிக்னலில் ஒலி விட்டு விட்டுத்தான் வரும். வந்த ஒலியை உடனே விடாமல் கொஞ்சம் தேக்கிவைத்து விட்டால் அறுபடாது, ஆனால் தாமதமாகும். தாமதத்தைக் குறைப்பதற்கே ஐந்து வருடம் உழைத்தவள், தங்கைக்காக அதைத் தாராளமாகக் கூட்டிவைத்தாள்.

[இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி இருந்தது. "நான் அழுகலண்ணே" என்றாள். சரி.]

5

அந்த நாள் வந்தது. சேவுகப்பெருமாள் சாரும் அமராவதிபுதூர் வந்து, கட்டுச்சோற்றுத் தட்டோடு சுவரோரம் நின்றார். சந்திரலேகா லேப்டாப் முன்னால். சினேகாவின் அறையில் என்ன கேட்கிறதோ அதே ஒலியை அவளும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். பெங்களூரில் அஜித் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலையணையில் சாய்ந்திருந்த சினேகா சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு கையிலும் வளையை ஏற்றினார்.

குலவை கிளம்பியது. இரண்டு வீட்டிலும், அறுபடாமல், கணீரென்று. சந்திரலேகாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகு அது நிற்கவில்லை.

உங்களுக்கு விளங்கச் சொல்கிறேன், எனக்கே இரண்டு நாள் பிடித்தது. சம்பந்திகள் எதிரெதிரே குலவை போடும்போது முதலில் நிறுத்துவது கௌரவக் குறைச்சல். நேரில் என்றால் கண்ணைக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எப்படியோ சேர்ந்து முடித்துவிடுவார்கள். இங்கே அமராவதிபுதூர் நிறுத்தினால், சிங்கம்புணரியின் பழைய சத்தம் அப்போதுதான் வந்துகொண்டிருக்கும். 'அங்குட்டு இன்னும் போடுறாகடி' என்று இவர்கள் மறுபடி எடுப்பார்கள். சிங்கம்புணரியும் அதே நேரத்தில் நிறுத்தி, அதே மாதிரி ஏமாந்து, மறுபடி எடுக்கும். தேக்கிவைத்த ஒலி இரண்டு வீட்டையும் மாறி மாறிச் சீண்டிக்கொண்டிருந்தது.

பெண்கள் முறைவைத்துப் போட ஆரம்பித்தார்கள். சிலர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். பொன்னுத்தாயியின் முகம் சிவந்துவிட்டது, இருந்தும் விடவில்லை. சார் வாயில் வைத்த புளியோதரையை மென்று விழுங்க மறந்து நின்றார். சந்திரலேகா ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரு வீட்டுச் சத்தம் நிற்கும். எந்த வீட்டை நிறுத்துவது? எதை நிறுத்தினாலும் அதுதான் அடுத்த இருபது வருடச் சண்டை. ஒன்றாகச் சேர்க்கிறேன் என்று கூப்பிட்டு உட்காரவைத்து, இரண்டு வீட்டையும் மோதவிட்டுவிட்டோமே என்று அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

அப்போது ஹெட்போனில் வேறொரு சத்தம். மூச்சு விக்கி, அடைத்து, மறுபடி விக்கி. சினேகா. அவள் கையால் முகத்தை மூடியிருந்தாள், தோள் குலுங்கியது.

அந்தச் சத்தம் இரண்டு வீட்டு ஒலிபெருக்கியிலும் விழுந்தது. இரண்டு வீட்டுக் குலவையும் கத்தரித்தாற்போல நின்றது.

"ஏத்தா, என்னத்தா பண்ணுது?"

சந்திரலேகாவின் ஹெட்போனில் அது ஒரே குரலாக விழுந்தது. அம்மாவின் குரல் எது, பாண்டியம்மாளின் குரல் எது என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை.

சினேகா கையை எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் பண்ணல... போதும், விடுங்க... இதுக்குமேல சிரிக்க வச்சீகன்னா டாக்டரு என்னைய வைவாரு."

முதலில் பாண்டியம்மாள்தான் சிரித்தார் என்று அமராவதிபுதூரில் சொல்கிறார்கள். பிறகு இரண்டு வீடும் சிரித்தது. சந்திரலேகா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

சேவுகப்பெருமாள் சார் புளியோதரையை விழுங்கிவிட்டுக் கிட்டே வந்தார். "எம்மா, கவனிச்சியா? ஒண்ண ஒண்ணு கேட்டுக்கிட்டிருந்த வரைக்கும் ரெண்டும் சேரல. மூணாவதா ஒருத்திய ரெண்டும் கேட்டுச்சு, சேர்ந்துருச்சு. தாமதத்தோட சண்ட போடாத. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா ஒரு சத்தத்தக் குடு. இதாம்மா ஒன் ஆய்வு."

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஆசை விடவில்லை. வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: சந்திரலேகா முனைவர் பட்டம் வாங்குகிறாள், இரண்டு வீடும் பட்டமளிப்பு விழாவில் குலவை போடுகிறது. [மிகவும் இனிப்பு. ஆய்வேடே இன்னும் பாதியில் நிற்கிறது.]

முடிவு ஆ: அந்த நேரத்தில் சினேகாவுக்கு உண்மையிலேயே வலி...

"அண்ணே, அத அழிங்க. இப்பவே அழிங்க."

அழித்துவிட்டேன். விளையாட்டுக்குக்கூட எழுதியிருக்கக் கூடாது. நல்லபடியாகவே இருக்கிறாள். எட்டாம் மாதம் தாண்டிவிட்டது. இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று இரண்டு வீட்டுப் போனும் ஒரே நேரத்தில் அடித்து, அஜித் எதை எடுப்பது என்று திணறியிருக்கிறான்.

7

மிச்சம் ஒரே ஒரு கேள்விதான். அன்றைக்குக் குலவையை முதலில் நிறுத்தியது யார்?

அமராவதிபுதூரில் கேட்டால் சிங்கம்புணரி என்கிறார்கள். சிங்கம்புணரியில் கேட்டால் மரியாதையாக, "பாவம், அவுகளுக்கு மூச்சு வாங்கிருச்சு" என்கிறார்கள். சந்திரலேகாவிடம் ஒலிப்பதிவு இருக்கிறது, இம்மி பிசகாமல் சொல்லிவிட முடியும். கேட்டேன்.

"தெரியும்ணே. சொல்ல மாட்டேன். ரெண்டு வீட்டுலயும் நான் சோறு திங்கணும்."

ஆகவே கடைசி வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன்:

முதலில் நிறுத்தியது .......... வீட்டார்.

நிரப்புவதற்கு முன்னால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல், சிங்கம்புணரிக்காரியான மனைவி பின்னால் நிற்கும்போதே நிரப்பி, பட்டுவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கோப்பில் புதிதாக ஒரு பெயர் முளைத்தது. சினேகா. அக்கா அவளுக்கும் வழி திறந்துவிட்டிருக்கிறாள், என்னைக் கேட்காமல். புள்ளிக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுத்து எழுத்தாக வந்து விழுந்தது:

"யாரா இருந்தா என்னண்ணே? அடுத்த மாசம் இன்னொருக்காப் போடணும். ரெண்டு வீட்டையும் தொண்டையப் பத்திரமா வச்சுக்கிறச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.