ஆடுகளுக்கு யார் சொல்வது

செத்துப்போன தம்பிக்கு மத்தோஷ் சவரம் செய்துகொண்டிருந்தார். தலை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது காஷ்பர், தம்பியின் ஒரே மகன். கிழவர் கத்தியைப் பார்த்ததைவிட அந்தக் கைகளைத்தான் அதிகம் பார்த்தார். மணிக்கட்டு வரை செம்பு நிற மயிர். தலையோ அடுப்புத் தணல்.

"பெரியப்பா, காதுகிட்ட பாத்து. வெட்டிடப் போறீங்க."

"செத்தவனுக்கு வலிக்காது. நீ ஒழுங்கா பிடி."

நரைப்பதற்கு முன் தம்பி ஃப்ளோரியனின் தலை கரியாக இருந்தது. பெண்டாட்டி ரோசினாவுக்கும் கறுப்பு முடிதான். கறுப்பும் கறுப்பும் சேர்ந்த இடத்தில் சிவப்பு எங்கிருந்து வந்தது? காஷ்பர் பிறந்த அன்று மத்தோஷின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த கேள்வி இது. இன்றுவரை இறங்கவில்லை. மலைக்கு இந்தப் பக்கம் சிவந்த தலை இன்னொருவனுக்குத்தான் இருந்தது. பீப்பாய் செய்கிற இக்னாட்ஸ். அந்த வருஷம் முட்டைக்கோஸ் பீப்பாய்க்கு வளையம் மாட்ட இந்த வீட்டுக்கு வந்தவன். ஒரு பீப்பாய்க்கு அத்தனை நாளா?

அந்த இக்னாட்ஸ் இப்போது பிளம் சாராயப் புட்டியோடு வாசலில் நின்றான். மண்டையில் ஒரு மயிர் இல்லை. சாட்சியை அழித்துவிட்டான் திருட்டுப்பயல் என்று மத்தோஷ் நினைத்துக்கொண்டார். புருவம் மட்டும் இன்னும் சிவப்பு.

"நல்ல மனுஷன் உங்க தம்பி," என்றான் இக்னாட்ஸ்.

"ஆமா. ரொம்ப நல்லவன். அதான் கஷ்டம்."

பெட்டிக்குள் ஃப்ளோரியனை இறக்கினார்கள். சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடிக்குத் துணி போர்த்திவிட்டு ரோசினா திரும்பினாள்.

"பெட்டி வாசல் தாண்டுறதுக்கு முன்னாடி ஆடுகளுக்குச் சொல்லணும். காஷ்பர் போகட்டும்."

வீட்டு எஜமான் செத்தால் கொட்டில் கதவைத் தட்டி ஆடுகளிடம் சொல்ல வேண்டும். சொல்கிறவன்தான் அடுத்த எஜமான். ரத்தம் இல்லாதவன் சொன்னால் மந்தை அழியும்.

"நான் போறேன்," என்றார் மத்தோஷ்.

"உங்களுக்கு அப்புறம் யாரு பெரியவரே? உங்களுக்குப் பிள்ளையா குட்டியா?"

"எங்க அப்பன் மந்தை அது. கண்டவன் சொல்லக் கூடாது."

காஷ்பர் சோப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரோசினா கிட்டே வந்தாள்.

"முப்பது வருஷமா கேக்காமயே கேக்கறீங்க. அவரு உயிரோட இருந்தப்ப கேட்டிருக்கலாமே. அவருக்கு சந்தேகமே இல்ல."

மத்தோஷ் வெளியே நடந்தார்.

கொட்டில் சாவி அவர் கழுத்தில் தொங்கியது. போன இலையுதிர்காலத்தில் கிடாய் சேர்க்கும்போது அண்டைவீட்டு ஹீபலின் கறுப்புக் கிடாய் புகுந்துவிடும் என்று, கதவைப் பூட்டி உள்ளேயே வைக்கோலில் படுத்துக் கிடந்தவர் அவர். அவர்கள் மந்தை முழுக்க வெள்ளை. தப்பித்தவறிக் கறுப்புக் குட்டி விழுந்தால் அப்பா அன்றைக்கே அறுத்துவிடுவார். கறுப்பு அதோடு ஒழிந்தது என்பார்.

கதவைத் திறந்தார். "உங்க எஜமான்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

மூலையில், தம்பி கையால் வளர்த்து வெள்ளாடையாள் என்று பெயர் வைத்த ஆடு குட்டி போட்டிருந்தது. ஈரம் காயாத குட்டி எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. உச்சி முதல் குளம்பு வரை கறுப்பு.

"ஹீபல்! நாசமாப் போறவனே!"

தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. சுவரோரமாக மண்டியிட்டு வைக்கோலை விலக்கி ஓட்டை தேடினார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல்கூட நுழையவில்லை. கூரையைப் பார்த்தார். கிடாய் கூரை ஏறியா வரும்? கழுத்துச் சாவியைத் தொட்டார். ஒரு ராத்திரிகூட அதைக் கழற்றியதில்லை. இருந்த ஒரே கிடாய் எதிர்த் தடுப்பில் நின்று அசைபோட்டது. பால் மாதிரி வெள்ளை.

தாய் வெள்ளை. தகப்பன் வெள்ளை. நடுவில் வேறு யாரும் இல்லை. காவல் இருந்தது அவரே.

கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தார். அப்பா அறுத்து அறுத்துப் போட்ட கறுப்பு எங்கேயும் போகவில்லை. இந்த வெள்ளைக்குள்ளேதான் சத்தம் காட்டாமல் கிடந்திருக்கிறது. இடுப்பில் கத்தி இருந்தது. கை அதன்மேல் போய் இருந்துவிட்டுத் திரும்பியது.

வீட்டில் பெட்டிக்கு மூடி போட்டிருந்தார்கள். காஷ்பர் வாசற்படியில் தனியாக நின்றான். மத்தோஷ் சாவிக் கயிற்றைத் தலைவழியே கழற்றி அவன் கையில் திணித்தார்.

"போய்ச் சொல்லிட்டு வா."

"நீங்க சொல்லலையா பெரியப்பா?"

"தொண்டை கட்டிக்கிச்சு. போடா, பாதிரியார் காத்திருக்காரு."

ரோசினா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காஷ்பருக்குப் பின்னாலேயே போய்க் கொட்டிலுக்கு வெளியே நின்றார்.

காஷ்பர் கதவை மூன்று முறை தட்டினான். திறந்து, குனிந்து உள்ளே போனான்.

"அப்பா போயிட்டாருடா," என்றான் ஆடுகளிடம். "இனிமே நான்தான்."

தாய் ஆடு தலையைத் தூக்கி அந்தச் சிவந்த தலையைப் பார்த்தது. பிறகு குனிந்து கறுப்புக் குட்டியை மறுபடி நக்கத் தொடங்கியது.